வெயில் தொடாத கறுப்பு

ஏப்ரல் 21, ஞாயிறு

கோயிலில் இன்று நீளமான பிரசங்கம். ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த இவர் நன்றாகத் தூங்கினார். கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது இவர் மட்டும் தாமதமாக எழுந்து, முன்பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

“தல லேசா கிறுகிறுன்னு வந்துட்டு, பிரிசி. பிரசங்கம் அம்புட்டு நீளம்லா.”

மத்தியானம் கிளிமூக்கு மாங்காய் நறுக்கி வைத்தேன். ஊரில் எல்லோரும் மாங்காய்க்கு உப்புத் தொட்டுத் தின்பார்கள். இவர் உப்புக்கு மாங்காய் தொட்டுத் தின்கிறார். இவர் பெயர் செல்வின், உப்பளத்தில் சூப்பர்வைசர். நானோ தவளைத் தோலின் வழியாக உப்பு எப்படி உள்ளே போகிறது என்று ஆராய்ந்து பட்டம் வாங்கப் பார்க்கிறவள். எங்கள் கல்யாணத்தில் வாழ்த்திப் பேசிய என் ஆய்வு வழிகாட்டி வேதமணி சார், “இந்த வீட்டுல சண்ட வந்தாலும் சப்புன்னு இருக்காது” என்று சொல்லிப் பந்தலைச் சிரிக்க வைத்தார்.

மூன்று வருடம் முன்பு இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, வழக்கப்படி உப்பு ஜாடிதான் முதலில் உள்ளே போனது. இவரே அளத்திலிருந்து புது உப்பு கொண்டுவந்து நிரப்பினார். வலது காலை எடுத்து வைக்கச் சொல்லி வாசலில் என்னை நிறுத்தி, ஜாடியைக் கையில் கொடுத்தார். பழுப்பு நிறப் பீங்கான் ஜாடி, மூடியில் ஒரு கீறல்.

ஏப்ரல் 24

இன்று மீட்டர் ஊசி நன்றாக எழுந்தது. இவரிடம் சொல்ல வந்தேன், சாப்பிட்டதும் தூங்கிவிட்டார். ஆகவே உனக்குச் சொல்கிறேன், டைரியே.

இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள். நடுவில் பச்சைத் தவளையின் வயிற்றுத் தோலை இழுத்துக் கட்டுகிறேன். இரண்டு பக்கமும் ஒரே உப்புக் கரைசல். தவளை இப்போது இல்லை. ஆனால் தோலுக்கு அது தெரியாது. குளத்தில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, வெளிப்பக்கத்து உப்பை உள்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. உப்பிலுள்ள சோடியம் போகும்போது சிறு மின்சாரம் பிறக்கும். மீட்டரின் ஊசி அதைக் காட்டும். உள்பக்கம் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை ஒரு துளி விட்டால் முதலில் ஒன்றும் நடக்காது. நானும் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு, யாரோ தோலின் காதில் ஏதோ சொன்ன மாதிரி, ஊசி மெல்ல மெல்ல ஏறத் தொடங்கும்.

அந்த நேரம் எனக்குப் பிடிக்கும். அறையில் சத்தமே இருக்காது. நானும் அந்தக் கிண்ணத்துக்குள் மிதக்கிற மாதிரி இருக்கும். மாலையில் கரைசலைக் கொட்டிக் கிண்ணம் கழுவும்போது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

மே 6

உப்பே இல்லாத, காய்ச்சி வடித்த நீரில் வைத்திருந்த தவளைகளின் தோலை இன்று அளந்தேன். அடேயப்பா! ஹார்மோன் விடாமலே ஊசி உச்சிக்குப் போனது. வெளியே உப்புக் கிடைக்காது என்று தெரிந்ததும், உடம்பு உள்ளே ஹார்மோனைச் சுரந்து, ‘இருப்பதை விடாதே, கிடைப்பதை இழு’ என்று தோலுக்குச் சொல்லிவிடுகிறது. பட்டினி போட்டால் உடம்பு கெட்டிக்காரத்தனம் கற்றுக்கொள்கிறது. ஆய்வேட்டில் இதை இப்படி எழுத முடியாது, இங்கே எழுதலாம்.

சாயங்காலம் இவர் மோரில் உப்பு அள்ளிப் போடுவதைப் பார்த்தேன். ஸ்பூன் எல்லாம் இல்லை, கை. மாமா, இவருடைய அப்பா, ரத்தக்கொதிப்பில் ஒரு பக்கம் இழுத்து, பேச்சில்லாமல் கிடந்துதான் போனார். இவருக்கு முப்பத்தாறு வயது. இவரை அந்தக் கட்டிலில் பார்க்க என்னால் முடியாது.

மே 12, ஞாயிறு

ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றையும் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். உப்பு ஜாடியைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துப் பூட்டப் போகிறேன். சமைக்க ஒரு சிட்டிகை மட்டும் தாளில் மடித்து வைத்திருக்கிறேன். எனக்கும் இனி அதே சாப்பாடுதான், நியாயம் நியாயமே.

“வீட்டுல உப்பு இல்லாம வைக்கப்பிடாது, பிரிசி.”

“உங்க உடம்புல இருக்கது போதும். வெளிய குறைச்சா உள்ள தன்னால இழுத்துக்கிடும். நான் தெனமும் பாக்குதேன்.”

“தவளையிலயா?”

“தவளையிலதான். உங்கள விட சொன்ன பேச்சு கேக்கும்.”

சிரித்தார். சிரிக்கும்போது ஈறு கறுத்துத் தெரிந்தது. வெற்றிலை போடுகிறாரா என்று கேட்டேன். இல்லையாம். அளத்தில் யார் கொடுத்தார்களோ.

மே 20

துணி துவைத்தேன். சட்டைப் பையில் உப்புக்கல். மூன்று சட்டையிலும்!

மே 21

சண்டை போட்டேன். வேதமணி சார் சொன்னது பொய், சண்டை சப்பென்றுதான் இருந்தது. நான் கத்தினேன், இவர் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நான் மாமாவைப் பற்றிப் பேச, எனக்கே அழுகை வந்துவிட்டது.

“அழாத. வாய் நமநமன்னு தேடுது, அதான் ஒரு கல்லு போட்டுக்கிட்டேன். இனி தொடமாட்டேன், சரியா? ஒன் மேல சத்தியம்.”

“அளத்துலயும்?”

“அளத்துலயும்.”

உப்பளத்தில் நின்றுகொண்டு ஒருவர் உப்பைத் தொடாமல் இருப்பது பெரிய விஷயம்தான். இவர் வாக்குக் கொடுத்தால் மாறமாட்டார். அந்தக் குணத்துக்காகத்தான் இவரைக் கட்டிக்கொண்டேன்.

ஜூன் 2, ஞாயிறு

இன்று ஓய்வு. இவர் குளித்துவிட்டு வந்து முதுகு துடைக்கச் சொன்னார். இந்தக் கோடையில் எவ்வளவு கறுத்துவிட்டார்! வயிற்றில் பழைய அப்பெண்டிக்ஸ் தழும்பு இருக்கிறது. அதுகூட மை பூசியது போல் கறுத்திருக்கிறது. அளத்து வெயில் சட்டையையும் வேட்டியையும் தாண்டி அடிக்கும் போல.

இளைத்தும் இருக்கிறார். பரவாயில்லை, கொஞ்சம் தொப்பை இருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

நல்ல செய்தி. அளத்து முதலுதவி அறையில் நேற்று எல்லோருக்கும் பிரஷர் பார்த்தார்களாம். இவருக்கு ரொம்பக் குறைவு என்று கம்பவுண்டர் சொல்லியிருக்கிறார். குறைவு! ஒரு மாதத்தில்! உப்பை நிறுத்திய பலன் கைமேல். சந்தோஷத்தில் சேமியா பாயசம் வைத்தேன்.

இரண்டு வாய் குடித்துவிட்டு வாந்தி எடுத்தார். இனிப்பு ஒத்துக்கொள்ளவில்லை. மருந்துக்கடைக்கு எதிரே இருக்கும் டாக்டர், வெயில் சோர்வு என்று டானிக் எழுதிக் கொடுத்தார்.

ஜூன் 16

இவர் கண்ட கனவு. அளத்துப் பாத்திகள் எல்லாம் கண்ணாடியாகிவிட்டனவாம். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு வானம். வரப்பின்மேல் நடந்துபோகிறார். பாதத்தின் அடியில் உப்பு நொறுங்கும் சத்தம் கேட்கிறது, ஆனால் குனிந்தால் உப்பு இல்லை, தண்ணீர்தான். தூரத்தில் தவளை கத்துகிறது. அளத்தில் தவளை ஏது என்று கனவிலேயே நினைத்தாராம்.

“அப்புறம்?”

“அப்புறம் நடக்க முடியல. ஒக்காந்துட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

சொல்லிக்கொண்டே கையை என் மடியில் போட்டார். உள்ளங்கை ரேகைகளைப் பார்த்தேன். யாரோ பேனாவால் ஒவ்வொன்றாக வரைந்த மாதிரி கறுப்பாகத் தெளிவாக இருந்தன. ஆயுள் ரேகையை விரலால் தடவினேன். இவ்வளவு நீளம் என்று சொன்னேன். ஏன் என்று தெரியவில்லை, சொன்னபின் பயமாக இருந்தது.

ஜூன் 24

ஆய்வின் கடைசிப் பகுதி. தவளையின் சிறுநீரகத்தின்மேல் மஞ்சள் கோடு ஒன்று ஓடும். ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கும் சுரப்பி அதுதான். மனிதருக்குச் சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி இருக்கும். மயக்க மருந்து கொடுத்து, சூடான ஊசியால் அந்தக் கோட்டைச் சுட்டுவிட்டுத் தைத்தேன். ஆறு தவளைகள். இனி இவற்றை உப்பில்லாத நீரில் வைத்துப் பார்க்கவேண்டும். என்ன ஆகும் என்று புத்தகத்தில் இருக்கிறது. இருந்தாலும் நம் கண்ணால் பார்ப்பது வேறு.

கை நடுங்காமல் செய்தேன் என்று சார் பாராட்டினார். வீட்டில் இவர் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

ஜூலை 1

தவளைத் தொட்டியில் தண்ணீர் மாற்றினேன். ரேஷன் கடைக்குப் போனேன். இவர் அரை நாள் லீவு, தூக்கம். இன்றும் சட்டைப் பையில் எதுவும் இல்லை.

ஜூலை 6

ஊசி எழவில்லை. கோடு சுட்ட தவளை ஒன்றின் தோல். உப்பில்லாத நீரில் இத்தனை நாள் கிடந்தும் அது எதையும் இழுக்கவில்லை. எதிர்பார்த்ததுதான், ஆனாலும் நெடுநேரம் கிண்ணத்தின் முன்னே உட்கார்ந்திருந்தேன். பசிக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்கும். இழுக்கச் சொல்ல உள்ளே ஆளில்லை.

ஜூலை 10

முந்தாநாள் நடந்ததை இன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலையில் தொட்டியைத் திறந்தேன். கோடு சுட்ட தவளைகள் துவண்டு கிடந்தன. விரலால் தொட்டால்கூடத் தாவவில்லை. அதைவிட, பச்சை நிறமே போய்க் கறுத்திருந்தன. பக்கத்துத் தொட்டியில் மற்றவை இளம்பச்சையாக உட்கார்ந்திருக்க, இவை ஈரக் கரி மாதிரி இருந்தன.

வேதமணி சார் வந்து எட்டிப் பார்த்தார். “என்னம்மா, இப்படிக் கறுத்துக் கெடக்கு? வெயில்ல கொண்டு வச்சியா?”

“இந்த ரூமுக்குள்ள வெயில் எப்படி சார் வரும்?”

சொன்னது நான்தான். சொன்ன வார்த்தை என் காதுக்கே வந்தது. வெயில் எப்படி வரும்? தழும்புக்கு எப்படி வரும்? ஈறுக்கு? மூடிய கைக்குள் இருக்கும் ரேகைக்கு? சுரப்பி போய்விட்டால், சுரக்கச் சொல்லித் தலையிலிருந்து ஆணைமேல் ஆணை வரும், அந்த ஆணை கூடுகிறபோது தோலும் கறுக்கும். பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்ததுதான். கறுப்பு, சோர்வு, வாந்தி, எழுந்தால் கிறுகிறுப்பு, பிரஷர் குறைவு, உப்புக்கு ஏங்கும் வாய். ஒவ்வொன்றையும் இந்த டைரியில் நானே எழுதிவைத்திருக்கிறேன். எழுதிவிட்டுப் பாயசம் வைத்திருக்கிறேன்.

அந்த வாய்க்கு உப்பு வேண்டும் என்று தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

“அளத்துக்குப் போகணும் சார்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். அளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். எல்லாப் பக்கமும் வெள்ளை. இவர் கனவில் சொன்ன கண்ணாடிகள் எல்லாம் விரிந்து கிடந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு வானம். வரப்பின்மேல் ஓடினேன். தூரத்தில் அம்பாரம் அம்பாரமாகக் குவித்திருந்த உப்பின் நிழலில் பெண்கள் கூடி நின்றார்கள்.

உப்பு வாருகிற சந்தியாகம்மாள் அக்கா இவர் தலையை மடியில் வைத்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். “நல்லாத்தாம்மா பேசிக்கிட்டு நின்னாவ. அப்படியே சரிஞ்சிட்டாவ. ஜீப்புக்கு ஆளு போயிருக்கு.”

ஊருக்கே போகும் உப்பு சுற்றிலும் மலையாகக் கிடக்க, இவர் ஒரு கல் இல்லாமல் நடுவில் கிடந்தார். என் தண்ணீர் பாட்டிலில் ஒரு பிடி அள்ளிப் போட்டுக் குலுக்கினேன். கண் பாதி திறந்திருந்தது, விழுங்குவார் என்று தோன்றியது. தலையைத் தூக்கி உதட்டில் வைத்தேன். நாக்கில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வேண்டாம்க்கா. பிரிசிக்குத் தெரிஞ்சா வைவா.”

சந்தியாகம்மாள் அக்காதான் கொடுக்கிறார் என்று நினைத்திருக்கிறார். “நான்தாங்க பிரிசி. நான்தான் தாரேன். குடிங்க.” மூன்று முறை சொன்னேன். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா இருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். உப்பை நான் நிறுத்தியதையும் சேர்த்துத்தான்.

“நீங்க டாக்டரா?”

“தவளைக்கு.”

அவர் சிரிக்கவில்லை. இவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் உப்பு நீர் ஏற்றவும் ஹார்மோன் ஊசி போடவும் சொன்னார். ரத்தத்தில் சோடியம் எவ்வளவு இருந்தது என்று பிறகு காட்டினார். அந்த எண்ணை நான் இங்கே எழுதமாட்டேன்.

ஊசி போட்டார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அது பழக்கம்தான். காத்திருந்தேன். ஜன்னலில் கடல் இல்லை, வேப்பமரம் இருந்தது. சாயங்காலம் இவர் விரல் என் விரலைப் பிடித்தது.

ஜூலை 13

எழுந்து உட்கார்ந்தார். இட்லி கேட்டார். முகத்தில் ஒரு பெருமை.

“நீ சொன்னதுல இருந்து ஒரு கல்லு வாயில போடல, தெரியுமா? ஒரு நா முழுக்க அம்பாரத்துப் பக்கத்துலயே நின்னேன். எச்சி ஊறுது. கையப் பின்னால கட்டிக்கிட்டேன்.”

வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். உப்பை நிறுத்திய நான்தான் இவரை இங்கே கிடத்தினேன் என்று இவரிடம் சொல்ல முடியவில்லை.

ஜூலை 19

எப்போதோ இருமலோடு வந்துபோன காசநோய், யாருக்கும் தெரியாமல் சிறுநீரகத்தின் தலையிலிருக்கும் இரண்டு சுரப்பிகளையும் தின்றுவிட்டிருக்கிறதாம். அதற்கு ஒரு வருடம் மாத்திரை. ஹார்மோன் மாத்திரை வாழ்நாள் முழுவதும். கூடவே, “உப்பு கேக்க கேக்கக் குடுங்க” என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் குத்தியது.

ஆகஸ்ட் 5

கல்லூரிக்குப் போனேன். கோடு சுட்ட தவளைகளில் மூன்று பிழைத்திருந்தன. நான் வராத நாட்களில் சார் உப்புக் கலந்த நீருக்கு மாற்றியிருக்கிறார். அவற்றில் ஒன்றின் தோலை எடுக்க எழுதி வைத்திருந்தேன். என்னால் முடியவில்லை. முன்பே எடுத்த தோல்களின் கணக்கு போதும் என்று சாரிடம் சொன்னேன்.

அலமாரியைத் திறந்தேன். ஆய்வக சோடியம் குளோரைடு பாட்டிலுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு ஜாடி. பார்த்துவிட்டுப் பூட்டினேன். வீட்டில் கடைப் பாக்கெட் உப்பு இருக்கிறது. இவர் கேட்பதற்கு முன்பே போடுகிறேன். ஆனால் அந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு இவர் முன்னால் போய் நிற்க எனக்கு முகம் இல்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

கோயிலில் கடைசிப் பாட்டுக்கு எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றார். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

நேற்று முதல் மழை. அளத்தில் இந்த வருட உப்பு வாருதல் முடிந்தது. அம்பாரங்களுக்கு ஓலை மூடிவிட்டார்கள். சனிக்கிழமை என்றாலும் கல்லூரிக்குப் போனேன். பிழைத்த மூன்று தவளைகளுக்கும் தண்ணீர் மாற்றினேன். இவற்றைக் குளத்தில் விட முடியாது. உப்புத் தண்ணீரோடு என்னிடம்தான் இருக்கவேண்டும். நிறம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது.

பிறகு அலமாரியைத் திறந்து ஜாடியை எடுத்து, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு மழையில் நடந்தேன். வழியெல்லாம் பள்ளங்களில் தவளைகள் கத்தின. ஊரே ஒரு பெரிய கிண்ணத்துக்குள் இருப்பது போலவும், யாரோ மெல்ல ஊற்றிக்கொண்டிருப்பது போலவும் இருந்தது.

இவர் கதவைத் திறந்தார். நான் தொப்பலாக நின்றேன். என் கையைப் பார்த்தார்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

“தெரியும். டாக்டரம்மா ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாவ.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“என்னத்த கேக்க? எங்கப்பா மாதிரி நானும் போயிருவனோன்னு நீ பயந்துட்ட. நா எங்கயும் போகல. ஜாடி மட்டும் வரல. அது வரட்டும்னு இருந்தேன்.”

உள்ளே போகக் காலைத் தூக்கினேன்.

“நில்லு, நில்லு” என்று கையை நீட்டித் தடுத்தார். “குடிவாரவ இப்படியா வருவா? வலது கால எடுத்து வச்சு வா.”

வலது காலை எடுத்து வைத்தேன். ஜாடியை வாங்கி அடுப்புமேடையில், பழைய இடத்திலேயே வைத்தார். அப்போது அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். கறுப்பு மங்கி, ரேகைகள் எல்லோருக்கும் இருப்பது போலத் தேடினால்தான் தெரிகிற அளவுக்கு வந்திருந்தன.

இன்று மத்தியானம் நெத்திலிக் குழம்பு. அந்த ஜாடியில் கைவிட்டு அள்ளிப் போட்டேன், ஸ்பூன் எல்லாம் இல்லை. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உப்பு போதுமா?” என்று கேட்டேன்.

“இன்னுங் கொஞ்சம்” என்றார்.